இடது பின் மூலை

என் அண்ணன் ஆர்லன் பிறக்கும்போதே பதினொரு பவுண்டு. அம்மா கடைசிவரை அதை மன்னிக்கவில்லை. பள்ளிக்கூட ஃபுட்பால் அணியில் அவனை யாரும் ஓடச் சொன்னதில்லை. எதிராளிக்குக் குறுக்கே நில் என்றார்கள், நின்றான். பனியில் யாருடைய வண்டியாவது சிக்கிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். போய் வண்டியின் பின்பக்கம் ஏறி நிற்பான், சக்கரம் பிடித்துக்கொள்ளும், வண்டிக்காரன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவான். டிசம்பரில் எங்கள் ஹால்வர்சன் ஏரி உறைந்ததும் ஆர்லன் ஒருமுறை குறுக்கே நடந்து காட்டவேண்டும். அதன்பிறகுதான் மற்றவர்கள் மீன்பிடிக் கொட்டகைகளைப் பனிக்கட்டிமேல் இழுத்துப்போவார்கள். பனிக்கட்டி உடைந்து அவன் உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

முப்பத்துநாலு வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். ஓய்வு பெற்ற வருஷமே அண்ணி ஜானிஸ் போய்ச் சேர்ந்தாள். பிறகு போன் வருவதும் குறைந்தது. இப்போது எல்லாரும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருக்கிறார்கள்.

அவனை மறுபடி தேவைப்பட வைத்தது என் வீட்டுக்காரர் கர்ட்டின் படகு. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துப் படகு, தண்ணீரில் சறுக்குபவர்களை இழுப்பதற்காகச் செய்தது. சறுக்குபவர்களுக்குத் தண்ணீர் மட்டமாக இருக்கவேண்டும். அதனால் படகு போன தடமே தெரியக்கூடாது என்று அதைச் செய்தவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். அதிலிருந்து இடுப்பளவு அலை எழுப்பவேண்டும் என்று கர்ட் பாடுபட்டார். அறுபத்தோரு வயதில் அவருக்கு ஒரே ஆசை: பலகைமேல் நின்று, கயிற்றைக் கைவிட்டு, படகின் பின்னால் எழும் அலை தள்ளுகிற வேகத்திலேயே போகவேண்டும். புதுப் படகுகளில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கர்ட்டுக்குப் பொத்தான் பிடிக்காது.

முதலில் பின்மூலையில் தண்ணீர் நிரப்பும் பெரிய பை ஒன்றை வைத்தார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது, அலை முழுக்க நுரை. முன்பக்கமும் ஒரு சின்னப் பை வைத்ததும் அலை கொஞ்சம் நீண்டது. பிறகு வலப்பக்க வெளிச்சுவரில் ஒரு சாய்ந்த பலகையை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணங்களால் ஒட்டினார். வலப்பக்கம் தண்ணீர் தாமதமாக மூடினால் இடப்பக்க அலை சுத்தமாக வருமாம். அந்தப் பலகை இரண்டு முறை கழன்று ஏரிக்கு அடியில் போனது. மூன்றாவதற்குக் கயிறு கட்டினார். வேகம் மணிக்குப் பத்தரை மைல். அதற்குமேல் போனாலும் கீழே போனாலும் ஓட்டுகிற எனக்கு ஏச்சு விழும்.

இத்தனை செய்தும் அலை கழுவி ஊற்றிய தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஒரு சனிக்கிழமை ஆர்லன் உருளைக்கிழங்கு சாலட் எடுத்துக்கொண்டு வந்தான். சும்மா வா என்று ஏற்றிக்கொண்டோம். இடது பின்மூலையில், பைக்குமேல் உட்கார்ந்தான். அலை எழுந்தது. கண்ணாடி போல, மடிப்பில்லாமல், கர்ட்டின் இடுப்புவரை.

"விடு மாப்ளே! கயித்த விடுடா!" என்று ஆர்லன் கத்தினான்.

கர்ட் விட்டார். இருபது கெஜம் தானாகவே போய் முகம் குப்புற விழுந்தார். படகில் ஏறியதும் முதல் வேலையாக நோட்டை எடுத்தார்.

"மச்சான், உன் எடை என்ன?"

"வெக்கமா இருக்கு, கேக்காத."

"அலைக்காகக் கேக்கறேன்."

"முன்னூத்திப் பன்னெண்டு."

எழுதிக்கொண்டார்: இடது பின் மூலை, பை 350, ஆர்லன் 312. அன்றிலிருந்து சனிக்கிழமை மூன்று மணிக்குப் போன் போகும், ஆர்லன் வருவான். எங்கள் மாநிலத்தில் ஆளை இழுக்கும் படகில் பின்னால் பார்க்க ஒருவர் இருக்கவேண்டும், அல்லது ஓட்டுபவருக்குப் பின்பக்கத்தைக் காட்டும் அகலக் கண்ணாடி இருக்கவேண்டும். எங்கள் படகில் கண்ணாடி இருந்தது. ஆகவே அவனுக்குப் பார்க்கும் வேலைகூட இல்லை, உட்காரும் வேலைதான். அதற்குச் சவரம் செய்துகொண்டு வந்தான்.

அடுத்த வசந்தத்தில் அவன் முழங்காலைப் பார்த்த டாக்டர், மாற்றித்தான் ஆகவேண்டும், ஆனால் இருநூற்றைம்பதுக்குக் கீழே வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றாராம். ஆர்லன் யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டியை நிறுத்தினான், பீரை நிறுத்தினான், ராத்திரியில் வெள்ளரிக்காய் தின்றான். எடை இறங்கியது. கூடவே பயமும் வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு இல்லாத ஆர்லனுக்கு அந்த மூலையில் என்ன வேலை? அதனால் வேட்டைக்குப் போடும், பை நிறைய வைத்த மேற்சட்டையை எடுத்தான். இறங்கிய ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு பவுண்டு ஈயத்தைப் பையில் போட்டுத் தைத்தான். மேலே தொளதொளவென்று ஒரு மழைக்கோட்டு.

முழங்காலுக்காக இறக்கிய எடையைச் சனிக்கிழமைதோறும் அதே முழங்காலில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுப் படித்துறைக்கு நடந்து வந்தான். நான் பார்க்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனதைக்கூடப் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"வெயில் இந்தப் போடு போடுது, எதுக்குண்ணே மழைக்கோட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணி தெறிக்குதும்மா."

கேட்டவள் அதோடு விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, படித்துறையிலிருந்து படகில் கால் வைத்தான். படகு அரையடி நகர்ந்தது. ஆர்லன் இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்குள் இறங்கினான், நேராக, சத்தமில்லாமல். அங்கே ஆழம் நாலடிதான். குழந்தைகள் நிற்கிற இடம். தொப்பி மேலே வந்தது, ஆள் வரவில்லை. கீழே தெளிந்த தண்ணீரில் உட்கார்ந்திருந்தான்.

கர்ட் குதித்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அசையவில்லை. நான் படுத்துக்கொண்டு கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தேன், கோட்டு மட்டும் வந்தது. கர்ட் தண்ணீருக்குள் போய் மேற்சட்டையின் ஜிப்பைப் பிடித்து இழுத்ததும்தான் ஆர்லன் மேலே வந்தான். இருமினான். மறுபடி இருமினான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

கர்ட் படகுக் கொக்கியால் மேற்சட்டையை எடுத்து மீன் தராசில் மாட்டினார். தராசு ஐம்பதோடு நின்றுவிட்டது. பாதி ஈயத்தை வெளியே எடுத்து இரண்டு தடவையாக நிறுத்தார்.

"அறுபத்தி நாலு," என்றார். "அப்ப நீ இருநூத்தி நாப்பத்தெட்டு."

"ஆமா மாப்ளே."

"எதுக்குடா?"

"முட்டி ஆபரேஷனுக்கு."

"அது சரி. ஈயம் எதுக்கு?"

ஆர்லன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். தலையில் முடி அவ்வளவு கிடையாது. "அலை கெட்டுடுமேன்னுதான்," என்றான். பிறகு, "எடை குறைஞ்சவன நீ எதுக்குக் கூப்பிடப்போற," என்றான்.

கர்ட்டுக்கு இந்த மாதிரி நேரத்தில் பேச வராது. எங்கள் கல்யாணப் பேச்சையே அவர் முடித்தது "சரி, அப்ப பாக்கலாம்" என்றுதான். ஏரியைப் பார்த்தபடி, "ஈயத்த இங்கேயே வெச்சிட்டுப் போ," என்றார். ஆர்லன் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை போன் போகவில்லை, அவனும் வரவில்லை. கர்ட் ஈயத்தைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டு, பையிலும் தண்ணீரைக் கூட்டினார். அலை முன்னைவிட நன்றாகவே எழுந்தது, ஈயம் அசையாதே. கயிற்றை விட்டு எதிர்க்கரை முனைவரை போனார். அவ்வளவு தூரம் அதுவரை போனதில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். திரும்பிப் படகில் ஏறியவர் முகம் செத்த வீட்டு முகமாக இருந்தது.

"அலை நல்லா இருந்துச்சே. என்னங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு. யாரும் கத்தல."

வெள்ளிக்கிழமை படகைத் துடைக்கப் போனேன். கண்ணாடி இருந்த இடத்தில் நாலு ஓட்டை. கேட்டேன். உடைந்துவிட்டது என்றார். துண்டு எங்கே என்றேன். கொட்டியாச்சு என்றார். சனிக்கிழமை மூன்று மணிக்கு போனை எடுத்தார்.

"மச்சான், படகுக் கண்ணாடி போயிடுச்சு. பின்னாடி பாக்க ஆளில்லாமப் போனா ஷெரிஃப் ஆளு புடிச்சுக்குவான். வந்து உக்காரு." அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டார். "எடையெல்லாம் வேணாம். கண்ணு தெரியுமில்ல?"

ஆர்லன் சவரம் செய்துகொண்டு வந்தான்.

அந்த அக்டோபரிலேயே முழங்கால் மாற்றியாகிவிட்டது. இப்போது அவன் இருநூற்று முப்பது. ஈயத்துக்குப் பக்கத்தில், படகின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்துகிறான். எங்கள் கார் கொட்டகையில், மேல் அலமாரியில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. பழைய துண்டில் சுற்றி, நாலு திருகாணியையும் சின்னப் பையில் போட்டு வைத்திருக்கிறார். வசந்தத்தில் தூசி தட்டும்போது பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவேன்.

மூன்று கோடை ஆகிறது. ஒவ்வொரு மே மாதமும் படகை இறக்கும்போது ஆர்லன் கேட்பான்: "புதுக் கண்ணாடி வந்துச்சா மாப்ளே?" கர்ட் சொல்வார்: "ஆர்டர் போட்டிருக்கேன், வரல."

இந்த மே மாதம் படித்துறைக்குப் பச்சை பெயின்ட் அடித்தோம். டப்பா போதவில்லை. மேல் அலமாரியில் இன்னொன்று இருக்கும் என்று ஆர்லன்தான் போனான். வருவதற்கு நேரமானது. டப்பாவோடு வந்து, மூடியைத் திறந்து, குச்சியால் ரொம்ப நேரம் கலக்கினான்.

"கண்ணாடி வந்துச்சா மாப்ளே?"

"வரல."

"மெதுவா வரட்டும்," என்றான் ஆர்லன்.