ஐந்தாம் பக்கம் கலைவாணி மேடத்துக்கு

கடந்த புதன்கிழமை மதியம், ஆண்டு மலரின் கடைசித் திருத்தங்களை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். கணினி மேசையில் யாரும் இல்லை. அலுவலக உதவியாளர் முருகன் அண்ணன் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "இனிமே யார்கிட்டம்மா குடுப்ப? மேடம் காலையில தவறிட்டாங்க" என்றார்.

கலைவாணி மேடம் எங்கள் பள்ளியின் கணினித் தட்டச்சர். தவளக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவரோடு பேசியே இராதவர்களும் அவர் அடித்த வினாத்தாளையாவது கையில் வாங்கியிருப்பீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நான் மலர்க் குழுவில் சேர்ந்தேன். உதவி செய்வதாக நினைத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண்ணை நானே தட்டிவைத்தேன். அன்று மாலையே முதல்வரின் வாழ்த்துரை வந்தது. அதை முன்னால் சேர்த்ததும் என் எண்கள் எல்லாம் தப்பாகிப்போயின. சில எண்கள் பக்கத்தின் நடுவில் வந்து நின்றன. மேடம் திட்டவில்லை. "இத்தனையும் ஒக்காந்து ஒண்ணொண்ணா போட்டியா? உன் பொறுமைக்கு எம்ப்ராய்டரி போடலாம்" என்று சிரித்தார். பிறகு அத்தனையையும் அழித்துவிட்டு, கணினியே எண்ணிக்கொள்ளும்படி அமைத்தார்.

சென்ற ஆண்டு வேறு சிக்கல். மலரில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று பகுதிகள். பிரெஞ்சு எப்போதும் கடைசி. "எழுபத்தொண்ணாம் பக்கத்துல ஆரம்பிச்சா எந்தப் புள்ள திருப்பிப் பாக்கும்?" என்று பிரெஞ்சு ஆசிரியர் அலுவலகத்துக்கே வந்து வருத்தப்பட்டார். மேடம் கணினிக் கோப்பை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் ஒன்றிலிருந்தே தொடங்கும்படி செய்தார். குழம்பாமலிருக்க எண்ணுக்கு முன்னால் த, ஆ, பி என்று எழுத்தும் சேர்த்தார். அப்படியானால் எந்தப் பகுதி முதலில் வரும் என்று தமிழய்யா கேட்டார்.

"அதுக்குக் கம்ப்யூட்டர்ல வழியில்லீங்க ஐயா. நீங்களேதான் பேசிக்கணும்."

இரண்டு ஆசிரியர்களும் அதைப் பேசிக்கொள்ளவில்லை, பழைய வரிசையே நின்றது. ஆனாலும் பிரெஞ்சு ஆசிரியர் 'பி-1' என்ற பக்கத்தை வகுப்பு வகுப்பாகக் காட்டினார்.

இந்த ஆண்டு, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே தலையில் துணி கட்டிக்கொண்டு மேடம் வந்தார். நிறுத்தி நிறுத்தித்தான் வேலை செய்ய முடிந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னோம். "நான் வரலன்னாலும் இது நிக்கக் கூடாது" என்று சொல்லி, கோப்பை முடித்துவிட்டே எழுந்தார்.

அவர் மறைந்த மறுநாள் மலர் தட்டாஞ்சாவடி அச்சகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் மேடத்துக்கு அஞ்சலியாக ஒரு பக்கத்தை நுழைத்தால் எல்லா எண்களும் கலைந்துவிடும் என்று மலரின் பொறுப்பாசிரியை பயந்தார். கடைசிப் பக்கத்தின் மூலையில் நான்கு வரி போதும் என்றார். நான்கு வரியில் என்ன சொல்வது? ஒரே ஒருமுறை முயன்று பார்க்க அனுமதி கேட்டேன்.

வாழ்த்துரைகளை அடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தை நுழைத்தேன். அதன் அடியில் 'த-5' என்று தானாகவே வந்தது. பழைய ஐந்து ஆறானது, ஆறு ஏழானது. பொருளடக்கத்தைப் புதுப்பித்ததும் அதுவும் சரியாக மாறியது. பின்னால் நின்றிருந்த பிரெஞ்சு ஆசிரியர் கடைசிப் பகுதியைத் திறக்கச் சொன்னார். பி-1 அசையாமல் இருந்தது. "எதையும் பாக்கி வைக்காம போயிருக்காங்க" என்றார்.

பொறுப்பாசிரியை நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "எழுதும்மா" என்றார்.

மேடம், உங்களுக்காகத் தமிழ்ப் பகுதி முழுவதும் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இந்த இடம் உங்களுடையது. வணக்கம்.