மூக்கன் முகர்ந்த மண்

மண்ணுக்கடியில் எரிபொருள் குழாய் போகிற பாதையில் தினமும் ஏழு கிலோமீட்டர் நடப்பதுதான் மூக்கனின் உத்தியோகம். கசிவு இருந்தால் மோப்பத்திலேயே சொல்லிவிடுவான். அடுத்த தெருவில் யாராவது தீக்குச்சி உரசினால், பெட்டியில் மீதி எத்தனை குச்சி என்றுகூடச் சொல்வானாம். சொன்னவர்களும் எண்ணிப் பார்க்கவில்லை, கேட்டவர்களும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த மூக்கு மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஜலதோஷத்தில் படுத்துக்கொண்டது. ஜலதோஷம் போயிற்று, வாசனை திரும்பவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று யாரிடமும் மூச்சு விடாமல் நடந்தான். பதிவேட்டில் ‘வாசனை இல்லை’ என்று தினமும் எழுதினான். ஒரு வகையில் அது பொய்யும் இல்லை.

கடைசியில் கசிவைக் காட்டிக்கொடுத்தது அவன் அக்கா வீட்டுக் கிணறு. வாளித் தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் படலம் மிதந்தது. குழாயை அடைத்தார்கள். அக்காவை வெளியேறச் சொல்லி, கொல்லையைத் தோண்டி, மண்ணை லாரி லாரியாக அள்ளினார்கள். அக்கா பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து ஐந்து வாரம். அன்றிலிருந்து அவனுக்கு உட்கார்ந்தால் நாற்காலி சுட்டது, படுத்தால் பாய் குத்தியது.

ஒருநாள் குழிக்குள்ளிருந்து மேஸ்திரி மண் போட்ட ஜாடியை நீட்டினார்.

"வாடை பாக்குற கருவி ரிப்பேருப்பா. இதுக்குள்ளயே கிடந்து எங்க மூக்கெல்லாம் மரத்துப் போச்சு. நீ மோந்து சுத்தம்னு சொன்னா இன்னிக்கே மூடிடலாம். அக்காவும் வீட்டுக்குப் போயிடலாம்."

"சீக்கிரம் சொல்லுடா," என்றாள் வீட்டைப் பார்க்க வந்து குழியோரம் நின்ற அக்கா. "உன் வீட்டுக் கட்டில்ல படுத்து முதுகு வில்லாயிடுச்சு."

மூடியைத் திறந்தான். ஒன்றுமில்லை. காற்று வாட்டம் சரியில்லை என்று இடம் மாறி நின்றான். இன்னொரு முறை மாறினான்.

"சுத்தம்னு..." என்று தொடங்கியவன் ஜாடியைத் திருப்பி நீட்டினான். "தெரியலை மேஸ்திரி. மூணு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியலை. கசிஞ்ச இடத்து மேலேயேதான் தினம் நடந்திருக்கேன்."

அக்கா ஜாடியைப் பிடுங்கி முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் அடிக்குது. தோண்டுங்க." பிறகு தம்பியைப் பார்த்தாள். "அதான் அன்னிக்கு அடிப்பிடிச்ச பாலை அமிர்தம்னு குடிச்சியா, பாவி?"

குழி இன்னும் ஓர் ஆள் ஆழம் இறங்கியது. மூக்கனை நடையிலிருந்து எடுத்து, கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் பம்பு வேலையில் போட்டார்கள். அன்று மாலை அக்கா பால் காய்ச்சினாள். தம்ளரைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

அவன் நின்றபடியே குடித்தான்.