“வெளிக்கிடச் சொல்லுங்கோ” என்றேன்

2014ஆம் ஆண்டின் தொடக்கம். பாரிஸ் லா சப்பலில், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். மொத்தம் ஆறு கூண்டுகள். எங்கள் ஈழத்தமிழ் ஆட்கள் கைத்தொலைபேசிக்கு மாறிவிட்டதால் வருகிறவர்களில் பாதிப்பேர் ஆபிரிக்கர்கள்.

அவர்களில் ஒருத்தி மத்திய ஆபிரிக்கக் குடியரசைச் சேர்ந்தவள். என் வயதுதான் இருக்கும். ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்துவிட்டு, தினமும் மத்தியானம் சீருடையோடே வருவாள். அவளுடைய தம்பி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் தலைநகர் பங்கியில் ஒரு பள்ளிவாசலுக்குள் ஒதுங்கியிருந்தான். ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து அங்கே முஸ்லிம்கள் தெருவில் இறங்க முடியாத நாட்கள் அவை. யாரோ ஒருவருடைய ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றி, அந்த நேரத்துக்கு மட்டும் போனைத் திறந்து வைப்பான். சில நாள் “அலோ” என்ற சத்தத்தோடு லைன் அறுந்துவிடும். அதைக் கேட்டாலே அவள் சிரித்துக்கொண்டு போவாள்.

ஒரு நாள் ரிசீவரைக் கையால் பொத்தியபடி என்னைக் கூப்பிட்டாள். சாட் நாட்டு எல்லைக்கு லொறிகள் புறப்படுகின்றனவாம். ஏறுவதா, இருப்பதா என்று தம்பி கேட்கிறான்.

“நீ யுத்தம் நடந்த நாட்டுக்காரி. நான் என்ன சொல்ல?”

2009இல் வன்னியிலிருந்து என் அண்ணை கடைசியாகப் போன் எடுத்தபோது, “எல்லாரும் இடத்தை விட்டு வெளிக்கிடுகினம். நாங்கள் இன்னும் ரெண்டு நாள் பாப்பம்” என்றார். நானும் “ஓம்” என்றேன். பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

அதனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வெளிக்கிடச் சொல்லுங்கோ, உடனே” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவள் அதைத் தன் மொழியில் தம்பிக்குச் சொன்னாள்.

மறுநாள் அந்த எண் வேலை செய்யவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆனாலும் அவள் வந்துகொண்டே இருந்தாள்.

“பிள்ளை, உந்த மனிசி ஒரே நம்பரைத்தான் அடிச்சுக்கொண்டு நிக்குது. பாக்கேலாமல் கிடக்கு” என்றார் கடை முதலாளி.

இரண்டு கிழமைக்குப் பிறகு, பள்ளிவாசலில் இருந்த அயலவர் ஒருவரின் தொடர்பு கிடைத்தது. லொறியை வழியில் ஆயுதக்காரர்கள் மறித்துவிட்டார்கள். நால்வரில் ஒருவரும் எல்லைக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளிவாசலிலேயே இருந்தவர்களைப் பிறகு இராணுவக் காவலோடு பத்திரமாக எல்லைக்குக் கூட்டிப்போனார்களாம்.

இதை அவளே வந்து சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன்.

“நான் கேட்டேன், நீ சொன்னாய்” என்றாள். குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அதன்பிறகு அவள் கடைக்கு வரவில்லை.

அவளுடைய தம்பி நின்ற இடமும் எனக்குத் தெரியாது, போகும் பாதையும் தெரியாது. ஐந்து வருடம் பிந்தி, என் அண்ணைக்குத்தான் அன்று வழி சொல்லியிருக்கிறேன்.

இப்போதும் ஊரிலிருந்து யாராவது போனில் “என்ன செய்யட்டும்?” என்று கேட்டால் “அங்கை நிக்கிற ஆக்களைக் கேளுங்கோ” என்றுதான் சொல்கிறேன். அன்று நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்களா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.