சார்ட்டில் இல்லாத காய்ச்சல்

எங்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். குத்தகை நிலத்திலிருந்து எங்களை வெளியேற்ற மிராசுதார் வழக்குப் போட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. கோர்ட் நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பா கைகட்டி நின்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இப்போதும்.

நான் கல்லூரியில் வேதியியல் படித்த வருடம், நடவு சமயத்தில் அப்பாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி ஐசியூவில் சேர்த்தோம். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்ததால் வழக்கமான டயாலிசிஸைத் தாங்கமாட்டார் என்று, நாள் முழுக்க மெதுவாக ஓடும் இயந்திரத்தை வைத்தார்கள். தொடையிடுக்கில் செருகிய குழாய் வழியாக ரத்தம் வெளியே வந்து, சுற்றிவிட்டு, உடம்புக்குள் திரும்பிப் போனது.

நான்காம் நாள் மாலை என்னையும் அம்மாவையும் உள்ளே விட்டார்கள். நான் நேரே கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்தேன். இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை.

அம்மா அப்பாவின் காலைத் தொட்டாள். "என்னடி, மழையில நின்ன மனுசனாட்டம் ஜில்லுன்னு இருக்காரு?"

"காய்ச்சல் விட்டுருச்சும்மா. இதுல போட்டிருக்கு."

"கையப் பாரு. நாத்து பறிக்கிறாரு."

அப்பாவின் விரல்கள் போர்வையைக் கொத்துக் கொத்தாகப் பற்றி இழுத்தன. பிறகு பறித்த நாற்றை முடியாகக் கட்டுவதுபோல் சுழன்றன. காலையில் பார்த்தபோது இப்படி இல்லை.

"மருந்து மயக்கம்மா அது."

"நர்சம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லட்டுமா?"

"சும்மா இரும்மா. சிரிப்பாங்க."

"சரி. நீ படிச்சவ."

மறுநாள் காலை அப்பாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. குழாய் வழியே கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

"காய்ச்சலே இல்லைங்களே சார்?"

"மிஷின்ல ரத்தம் வெளிய சுத்தி வரும்போது சூடு போயிடும்மா. உள்ள காய்ச்சல் இருந்தாலும் காட்டாது. நேத்து அவர்கிட்ட ஏதாச்சும் மாத்தம் தெரிஞ்சுதா?"



"நாத்து பறிச்சாருங்க," என்றாள் அம்மா.

"எப்ப?"

"நேத்து சாயங்காலமே."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் அப்பா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள். "கடைசியில கஷ்டப்படலைங்க. காய்ச்சல் விட்டுருச்சு. எம்பொண்ணு படிச்சுப் பாத்துச் சொல்லுச்சு." டாக்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான். ஒரு தடவைகூட நான் திருத்தவில்லை.

காரியம் முடிந்த வாரம் தாலுகா ஆபீசிலிருந்து வாரிசுச் சான்றுக்கான காகிதம் வந்தது. அம்மா வழக்கம்போல என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைபோல் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.