தைராய்டை மறைத்த முடி மாத்திரை

நாங்குநேரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். தைராய்டு குறைவுக்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் எடுத்த ரத்தச் சோதனையில் ஹார்மோன் அதிகமாகிவிட்டதாக வந்தது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

அதன்பிறகு காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. முகம் வீங்கியது, குரல் கம்மியது. "ஏட்டி, எப்பப் பாத்தாலும் தூங்கி வழியுதியே" என்று கணவர் சலித்துக்கொண்டார். ஒருநாள் பிளவுஸ் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்து, மெஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது.

மறுபடி சோதித்தபோதும் ஹார்மோன் அதிகம் என்றே வந்தது. டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தார்.

"ரத்தம் ஒண்ணு சொல்லுது, உங்க உடம்பு வேற சொல்லுது. வேற ஏதும் மாத்திரை சாப்பிடுதியளா?"

"முடி கொட்டுதுன்னு மக வாங்கித் தந்ததை, மொத சோதனைக்கு முந்தியிருந்தே சாப்பிடுதேன். அது வெறும் சத்து மாத்திரைதானே?"

அதிலுள்ள பயோட்டின் என்ற வைட்டமின், ஹார்மோனை அதிகமாகக் காட்டிச் சோதனையையே ஏமாற்றிவிடுமாம். அதை நிறுத்திச் சில நாள் கழித்துப் பார்த்தால், ஹார்மோன் மிகவும் குறைந்திருந்தது. "இப்படியே விட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பிய" என்று சொல்லி, பழைய அளவையே எழுதித் தந்தார்.

சோர்வு இன்னும் முழுதாகப் போகவில்லை. இப்போதெல்லாம் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனால், நான் விழுங்குகிற எல்லா மாத்திரைகளையும் பையில் எடுத்துப்போய் மேஜையில் பரப்பிவிடுகிறேன். "என்னக்கா, கடை விரிக்கியளா?" என்று லேப் பெண் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.