நாரிப்பிடிப்போடு கொட்டாஞ்சேனைக்கு

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பதினொரு கிலோமீற்றர்தான். இதற்கும் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். நாரி, அதாவது இடுப்பின் பின்பக்கம், பிடித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன் காஸ் சிலிண்டரைத் தூக்கும்போது பிடித்தது. டொக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். குறைந்தது, பிறகு திரும்ப வந்தது. வலியைவிட, எப்போது வரும் என்ற பயம்தான் என்னை வீட்டோடு வைத்திருந்தது. இந்தப் பயணத்தையே இரண்டு தடவை பாதிவழியில் கைவிட்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் என் தங்கச்சி ஜெசிந்தா இருக்கிறாள். கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்து, இப்போதுதான் ஒரு மகள். ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டுமாம். பிள்ளையைக் கையில் ஏந்தும் நேரத்தில் நாரி பிடித்தால்? வேறு யாரையாவது கேள் என்று நேரில் சொல்லத்தான் புறப்பட்டேன்.

காலை 9.10க்கு மார்க்கெட்டுக்கு முன்னால் பஸ் ஏறினேன். ஐம்பது ரூபாய். சனிக்கிழமை என்பதால் இருக்க இடம் கிடைத்தது. இருந்தபடியே வந்ததுதான் பிழையாகப் போய்விட்டது. பம்பலப்பிட்டி தாண்டும்போது இடுப்புக்குள் அந்தப் பழைய கொக்கி மாட்டியது. கொள்ளுப்பிட்டியில் இறங்கி, ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"ஏலாட்டி திரும்பிப் போங்கோ அண்ணா. பிள்ளை எங்க ஓடவா போறாள்?"

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைத் திரும்பவிடவில்லை.

பிசியோதெரபி மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது: "வலி கூடினா ஏதோ உடைஞ்சிட்டுது எண்டு நினைக்காதீங்கோ. நில்லுங்கோ, மெல்ல நடவுங்கோ, பிறகு முடிவெடுங்கோ." மூச்சை நிதானமாக விட்டபடி நடந்தேன். பத்து நிமிடம். வலி போகவில்லை, ஆனால் இறுக்கம் விட்டது. திரும்பிப் போனாலும் இதே வலிதானே, போய்ப் பார்ப்போம் என்று ஒரு த்ரீவீலை மறித்தேன். நாரியைத் தொட்டுக் காட்டினேன். டிரைவர் சிங்கள மனுசன். "ஹெமின் யமு அய்யே," மெல்லப் போவோம் அண்ணா, என்று சிரித்தார். சொன்னபடியே ஒவ்வொரு பள்ளத்திலும் மெல்ல ஏற்றி இறக்கினார். ஆறு கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம், எழுநூற்றைம்பது ரூபாய்.

ஜெசிந்தாவின் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்தாள்.

"வேண்டாம், நிண்டாத்தான் எனக்குச் சுகம்."

"அப்ப நிண்டபடியே வாங்குங்கோ," என்று பிள்ளையைக் கொண்டுவந்தாள்.

"ஜெசி, எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும். என்ர கையும் கீழ இருக்கு."

பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துவிட்டு, என் கைகளுக்குக் கீழே தன் கைகளைக் கொடுத்தாள். நாரி ஒரு தடவை சுண்டியது. பிள்ளையை இன்னும் கிட்ட அணைத்து, காலை அகட்டி நின்றேன். சுண்டல் அடங்கியது. பிள்ளை கொட்டாவி விட்டாள். ஜெசிந்தா தன் கைகளை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அவள் குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் வலி கொஞ்சம் கூடத்தான் இருந்தது. சுடுதண்ணிப் போத்தல் வைத்தேன், வீட்டுக்குள்ளேயே நடந்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். என்னைப்போல் வெளிக்கிட நினைப்பவர்களுக்கு: பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள், இறங்கி நடக்க அரை மணித்தியாலம் கூடுதலாக வையுங்கள், டிரைவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ, சலம், அதாவது சிறுநீர், கட்டுப்படாவிட்டாலோ பயணத்தை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஞானஸ்நானம் வருகிற மாதம், காலை ஏழரைப் பூசைக்குப் பிறகு. வலி வரலாம். வந்தால் பிள்ளையை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு, கோயில் முற்றத்தில் நாலு தரம் நடந்துவிட்டு வந்து, திரும்ப வாங்கிக்கொள்வேன்.