கைப்பிள்ளைக்கு டிக்கெட் இல்லை

பச்சைத் தென்னோலைக் கிடுகின் வாசனை எங்கே வந்தாலும், இத்தனை வருஷம் கழித்தும், எனக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் கச்சேரி என்றால் மைதானத்தைச் சுற்றிக் கிடுகுத் தட்டி கட்டி, ஒரே ஒரு வாசல் விட்டு, அதில் டிக்கெட் கிழிக்க ஆள் நிறுத்துவார்கள். செம்பட்டிப் பக்கம் கத்தரித் தோட்டம் வைத்திருந்த என் அப்பாவை நாங்கள் 'அய்யா' என்போம். அவர் ஒரு நாயனப் பைத்தியம். திருவிழாவில் ஓசியில் கேட்டதெல்லாம் அவருக்குப் போதாது. பேர்பெற்ற வித்வானின் விரல்கள் துளைகளில் ஓடுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது தீராத ஆசை.

முந்தின வருஷம் எட்டணாவாக இருந்த 'தரை டிக்கெட்' அந்த வருஷம் ஒன்றேகால் ரூபாய் ஆகிவிட்டது. "இம்புட்டு ஏத்துனா சம்சாரி எங்கிட்டுப் போவான்?" என்று புலம்பிக்கொண்டே, ஒரு டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் காசு தேற்றிக்கொண்டு, அடம்பிடித்த என்னையும் கூட்டிப் போனார். 'கைப்பிள்ளை'க்கு டிக்கெட் கிடையாது. இடுப்பில் இருந்தால் கைப்பிள்ளை, அவ்வளவுதான் சட்டம். ஒன்பது வயசுப் பிள்ளையைக் காலை மடக்கித் தூக்கி வந்தாலும் வாசல்காரர் கண்டுகொள்ள மாட்டார்.

"ஏத்தா, செத்த நேரம் இடுப்புல ஏறிக்க" என்றார் அய்யா. ஏறினேன். வரிசையில் எங்கள் பள்ளிக்கூடத்து மேரி, அவள் அம்மாவோடு நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தாள். மானம் போய்விட்டது. சரசரவென்று இறங்கி, கேட்காத வாசல்காரரிடம் போய், "நான் நாலாப்புப் படிக்கிறேன்" என்றேன். வரிசையே சிரித்தது. அய்யா ஒரு வார்த்தை திட்டவில்லை. இருந்த காசுக்கு ஒரு டிக்கெட் வாங்கி என் கையில் திணித்து, மேரியின் அம்மாவோடு அனுப்பினார்.

"வெளிய நின்னாலே நாயனம் நல்லாக் கேக்கும்த்தா. அவரு வெரலு எப்படி ஓடுதுன்னு மட்டும் பாத்து வந்து சொல்லு."

நான் தூங்கிவிட்டேன், மேரி அம்மாவின் மடியில், கச்சேரி முழுக்க. எழுப்பி வெளியே கொண்டுவந்தபோது அய்யாவின் நெற்றியில் ஓலைத் தடம் பதிந்திருந்தது. "பொத்தல் வழியாப் பாத்தேன், ஒரே தலையா இருந்துச்சு. நீ சொல்லு" என்றார். பயத்தில், "சுண்டு விரல்ல பச்சைக்கல் மோதிரம்ய்யா, வாசிக்கையில அப்படியே பறந்துச்சு" என்று அளந்துவிட்டேன்.

அதன் பிறகு வருஷா வருஷம் டிக்கெட் ஏறியது. அய்யா போகவே இல்லை. "அதான் எம்மக பாத்துட்டாள்ல" என்பார். சந்தையில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அந்தப் பச்சைக்கல் மோதிரத்தைக் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிற்கும்போது உண்மை நாக்குநுனி வரை வரும், சொல்லவில்லை. பாவிதான் நான்.

சென்ற மாதம் மகள் ஒரு நாயனக் கச்சேரிக்கு அழைத்துப் போனாள். டிக்கெட் விலையைக் கேட்டதும் எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. குளுகுளு அரங்கு, கனத்த சுவர். கிடுகும் இல்லை, பொத்தலும் இல்லை, காசில்லாதவர் வெளியே நின்று கேட்கவும் வழியில்லை. மேடைக்கு மேல் பெரிய திரையில் வித்வானின் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க, "அய்யா, நான் அன்னைக்குத் தூங்கிட்டேன்ய்யா" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

"மெதுவாம்மா, எல்லாருக்கும் கேக்குது" என்றாள் மகள்.